கூலி ஏறினால் வேலை போய்விடுமா? அண்டி ஆபீஸ் வழியாக ஓர் எளிய விளக்கம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் பக்கத்தில் முந்திரி ஆலையை யாரும் முந்திரி ஆலை என்று சொல்வதில்லை. அண்டி ஆபீஸ் என்றுதான் பேர். மார்த்தாண்டம், கருங்கல், குலசேகரம், தக்கலை சுற்றுவட்டாரத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. அம்மா, சித்தி, மயினி (அண்ணி) என்று வீட்டில் யாராவது ஒருவர் அங்கே வேலைக்குப் போயிருப்பார்கள். என் அம்மா இருபது வருஷத்துக்கு மேல் போனார். உடைத்துக் காயவைத்த பருப்பின் மேல் ஒட்டியிருக்கும் சிவந்த தோலை உரிப்பது அவர் வேலை. கூலி கிலோ கணக்கு.

நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள், எல்லாரும் சேர்ந்து கூலியைக் கூட்டிக் கேட்டால் என்ன என்று அம்மாவிடம் கேட்டேன். "கூட்டிக் கேட்டா பூட்டிட்டுப் போவினும் மக்களே. பெறவு இதுவும் இல்லாம ஆவும்" என்றார்.

பல வருஷம் கழித்துப் பொருளாதாரம் படிக்கும்போது, உலகம் முழுக்க அறிஞர்கள் நூறு வருஷத்துக்கு மேலாக வாதிட்டுக்கொண்டிருப்பது அம்மாவின் அந்த ஒரு வரியைப் பற்றித்தான் என்று தெரிந்தது. குறைந்தபட்சக் கூலி, வரி, வேலையை வேறிடத்துக்கு அனுப்பும் அவுட்சோர்சிங், வர்க்கம் என்று நான்கு தனித்தனிப் பாடங்களாக இவற்றைச் சொல்லித் தருகிறார்கள். எனக்கு இவை ஒரே பாடமாகத்தான் தெரிகின்றன. கூலி பேசும் நேரத்தில் யாரால் காத்திருக்க முடியும், யாரால் முடியாது என்பதுதான் அந்தப் பாடம். கணக்கோ கோட்டுப் படமோ இல்லாமல் அதை இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

குறைந்தபட்சக் கூலி என்றால் என்ன?

இதற்குக் கீழே யாரும் யாருக்கும் கூலி கொடுக்கக் கூடாது என்று சட்டம் போடும் கோடுதான் குறைந்தபட்சக் கூலி. இரண்டு பேரும் சம்மதித்தால்கூட அதற்குக் கீழே போக முடியாது. 1894இல் நியூசிலாந்து போட்ட ஒரு சட்டத்திலிருந்து இதன் வரலாற்றைத் தொடங்குவார்கள். அமெரிக்காவில் 1938இல் மணிக்கு 25 சென்ட் என்று வந்தது. இந்தியாவில் 1948இல் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் வந்தது. விடுதலை கிடைத்த அடுத்த வருஷமே வந்த சட்டம் அது.

நம் நாட்டில் எல்லா வேலைக்கும் ஒரே கூலி கிடையாது. முந்திரி, செங்கல் சூளை, ஹோட்டல், கட்டடம் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் மாநில அரசு தனித்தனியாக நிர்ணயிக்கும். ஐந்து வருஷத்துக்குள் ஒருமுறை அதைத் திருத்த வேண்டும். இடைப்பட்ட காலத்தில் விலைவாசி ஏற ஏற அகவிலைப்படி என்று ஒரு தொகை கூடச் சேரும். பக்கத்துக் கேரளத்திலும் இப்படித்தான், ஆனால் தொகை வேறு. கதையின் முடிச்சே அந்த வேறுபாட்டில் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்தத் தொகையை எப்படிக் கணக்கிடுவது? 1957இல் நடந்த 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஓர் அளவு சொன்னது. ஒருவரின் கூலியில் குடும்பத்தில் மூன்று ஆள் அளவுக்குச் சாப்பாடு நடக்க வேண்டும், ஆளுக்கு நாளொன்றுக்கு 2700 கலோரி. குடும்பத்துக்கு வருஷத்துக்கு 72 கஜம் துணி. அரசு கட்டித்தரும் தொழிலாளர் வீட்டுக்கு வாங்கும் குறைந்த வாடகை. விறகு, விளக்கு, சில்லறைச் செலவுகளுக்குக் கூலியில் 20 சதவீதம். பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், நல்லது கெட்டது, முதுமை ஆகியவற்றுக்காக இன்னொரு 25 சதவீதம் வேண்டும் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் சேர்த்துச் சொன்னது.

இந்தக் கணக்கை முதன்முதலாகப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. யாரோ ஒருவர் உட்கார்ந்து, ஒரு வீட்டுக்கு எத்தனை கஜம் துணி வேண்டும் என்று யோசித்திருக்கிறார். எங்கள் வீட்டில் அந்த 72 கஜம் ஒரு வருஷமும் வந்ததில்லை.

கிலோ கணக்கில் கூலி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். "நாள்கூலிக்காரர்களுக்குத்தான் அரசு ரேட், உங்களுக்குக் கிலோதான்" என்று அம்மா வேலை பார்த்த இடத்தில் சொல்வார்கள். அது தவறு. உங்கள் தொழிலுக்கு அரசு ஒரு நாள்கூலி நிர்ணயித்திருந்தால், கிலோ கணக்கில் வேலை செய்தாலும் அந்த நாள்கூலிக்குக் குறையக் கூடாது. ஒரு பேச்சுக்கு, நாள்கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண வேகத்தில் உரிக்கும் ஒருவர் முழு நாளில் 10 கிலோ உரிக்கிறார் என்றால், கிலோவுக்கு 40 ரூபாயாவது வர வேண்டும். 30 ரூபாய்தான் தருகிறார்கள் என்றால் தினம் 100 ரூபாய் அவருடைய பையிலிருந்து போகிறது. இதைத் தடுக்கும் விதி 1948ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே இருந்தது. அம்மாவுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

"பூட்டிட்டுப் போவினும்" என்பது உண்மையா?

இனி அம்மாவின் பயத்துக்கு வருவோம். அது வெறும் பயம் இல்லை. பொருளாதாரப் பாடத்தின் முதல் அத்தியாயமே அவர் பக்கம்தான் பேசுகிறது. கத்தரிக்காய் விலை ஏறினால் கால் கிலோ குறைத்து வாங்குகிறோம். அதே மாதிரி உழைப்பின் விலை ஏறினால் முதலாளி ஆளைக் குறைப்பார், மெஷின் வாங்குவார், இல்லையென்றால் மூடுவார். கூலி உயர்வு ஏழைக்கு நல்லது செய்யப்போய் அவர் வேலையையே பறித்துவிடும் என்று சொல்கிறவர்கள் எல்லாரும் கெட்ட எண்ணத்தில் அப்படிச் சொல்வதில்லை. இந்தக் கணக்கை நம்பித்தான் சொல்கிறார்கள்.

1992 ஏப்ரலில் இந்தக் கணக்குக்கு ஒரு சோதனை வந்தது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. ஒட்டியிருக்கும் பென்சில்வேனியா உயர்த்தவில்லை. கேரள எல்லையில் இருக்கும் நம் களியக்காவிளை மாதிரி இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கூலி, அந்தப் பக்கம் வேறு கூலி. டேவிட் கார்ட், ஆலன் குரூகர் என்ற இரண்டு பேர் இருபக்கத்திலும் 400 சொச்சம் பர்கர் கடைகளில் ஆள் எண்ணிக்கையைக் கணக்கெடுத்தார்கள். நியூ ஜெர்சியில் வேலை குறையவில்லை. 1994இல் வெளிவந்த அந்த ஆய்வு பெரிய சண்டையைக் கிளப்பியது. அதை மறுத்து எழுதியவர்கள் உண்டு, வாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் 2021இல் கார்டுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது இந்த வகை ஆய்வுகளுக்காகத்தான் கிடைத்தது.

கூலி ஏறியும் ஏன் வேலை குறையவில்லை? ஒரு காரணத்தை எங்கள் ஊரை வைத்தே சொல்லலாம். சுற்றுவட்டாரத்தில் ஒரே ஒரு அண்டி ஆபீஸ் இருக்கிறது, அடுத்தது பத்து கிலோமீட்டர் தள்ளி. பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மூன்று மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையைப் பார்க்க வேண்டிய அம்மா எங்கே போவார்? உழைப்பை வாங்குகிறவர் அந்த ஊரில் ஒருவர்தான். அந்த உழைப்புக்கு எவ்வளவு மதிப்பு என்பது வேறு, எவ்வளவு கொடுத்தால் அவர் வேறு வழியின்றி வருவார் என்பது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தொகை முதலாளி கையில் தங்குகிறது. கூலியைச் சட்டம் கொஞ்சம் உயர்த்தினால் அந்தத் தொகையிலிருந்துதான் போகும், ஆளைக் குறைக்கத் தேவை வராது. வாங்குகிறவர் ஒருவரே இருக்கும் இப்படிப்பட்ட சந்தைக்கு 1933இலேயே ஜோன் ராபின்சன் என்ற பொருளாதார அறிஞர் பேர் வைத்துவிட்டார்.

காத்திருப்பு என்று நான் சொல்வது இதைத்தான். கோடவுனில் இருக்கும் கொட்டை ஆறு மாதம் காத்திருக்கும். வீட்டில் அடுப்பு சாயங்காலம் வரைக்கும்கூடக் காத்திருக்காது. இந்த இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து "சுதந்திரமாக" கூலி பேசினால் யார் சொன்னது நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டுமா? காத்திருக்க முடியாதவருக்காகச் சட்டம் காத்திருப்பதுதான் குறைந்தபட்சக் கூலி. 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டி கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே வேறு சொல்லில் சொன்னது. பசியும் வறுமையும் தள்ள, குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் வேலைக்குச் சம்மதித்தால், அது கட்டாய உழைப்புதான் என்றது அந்தத் தீர்ப்பு.

ஒரே எல்லை, இரண்டு திசை

ஆனால் பர்கர் வேறு, பருப்பு வேறு. பர்கரை விற்கிற ஊரிலேயே சுட்டாக வேண்டும். முந்திரிப் பருப்பை எங்கே வேண்டுமானாலும் உரிக்கலாம். அம்மாவின் பயத்தில் உண்மை இருப்பது இந்த இடத்தில்தான்.

எங்கள் ஊருக்கு அண்டி ஆபீஸ் எப்படி வந்தது என்று கேட்டுப் பாருங்கள். இந்தத் தொழிலின் தலைநகரம் கொல்லம். அங்கே தொழிற்சங்கம் பலமாக வளர்ந்தது, கூலி ஏறியது, சட்டம் கெடுபிடியானது. அப்போது முதலாளிகளில் பலர் நூறு கிலோமீட்டர் தள்ளி, எல்லைக்கு இந்தப் பக்கம் ஆலை போட்டார்கள். 1956 நவம்பர் 1 வரை ஒரே மாநிலமாக இருந்த பழைய திருவிதாங்கூர் மண்தான் இது. பேச்சும் பழக்கமும் ஒன்று, ஆனால் கூலிக் கோடு மட்டும் தாழ்வு. கொட்டை வெளியே போகாமல் தடுக்கப் பச்சைக் கொட்டைக் கொள்முதலையே அரசு வசம் எடுக்கும் சட்டம்கூடக் கேரளம் 1981இல் போட்டது. அப்புறம் கொட்டை பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வரத் தொடங்கிவிட்டது. ஐவரி கோஸ்ட்டிலிருந்தும் தான்சானியாவிலிருந்தும் கடல் தாண்டி வருகிற சரக்குக்கு இன்னும் நூறு கிலோமீட்டர் லாரியில் போவது ஒரு செலவா?

அவுட்சோர்சிங் என்றதும் கம்ப்யூட்டரும் கால் சென்டரும் நினைவுக்கு வருகின்றன. கொல்லத்து அம்மாக்கள் செய்த வேலை கருங்கல் அம்மாக்களிடம் வந்ததும் அதேதான். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது கொல்லத்தில் யாரோ ஒருவர் வீட்டில் வேலை போனதால்தான் என்று எண்ணும்போது எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது. பிறகு வியட்நாம் வந்தது. மெஷின் வைத்துக் கொட்டை உடைத்து, 2000களின் நடுவில் பருப்பு ஏற்றுமதியில் இந்தியாவை முந்திவிட்டது. இப்போது எங்கள் அம்மாக்களின் வேலை அங்கே.

இதே எல்லையில் எதிர்த்திசையில் நடப்பதையும் பாருங்கள். விடியற்காலையில் மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில் நின்றால், கையில் டிபன் தூக்கும் பையுமாகக் கொத்தனார்களும் கையாட்களும் கேரளப் பக்கம் போவது தெரியும். ரிசர்வ் வங்கி வெளியிட்ட 2022-23 கணக்குப்படி, கேரளக் கிராமப்புறத்தில் கட்டடத் தொழிலாளியின் நாள்கூலி சராசரியாக 852 ரூபாய். நாட்டுச் சராசரி 393. கூலி ஏறினால் வேலை ஓடிவிடும் என்பது எல்லா வேலைக்கும் பொருந்துமானால், கேரளத்தில் இந்நேரம் ஒரு வீடுகூடக் கட்டியிருக்க மாட்டார்கள். நெய்யாற்றின்கரையில் வீடு வேண்டும் என்றால் நெய்யாற்றின்கரையில்தான் கட்டியாக வேண்டும். அந்த வேலையை லாரியில் ஏற்றி அனுப்ப முடியாது.

ஆகவே யாராவது "கூலியை ஏற்றினால் வேலை போய்விடும்" என்று சொன்னால், எந்த வேலை என்று முதலில் கேளுங்கள். முடிவெட்டுவது, ஹோட்டலில் பரிமாறுவது, ஆஸ்பத்திரி துடைப்பது, மீன் இறக்குவது, கட்டடம் கட்டுவது ஆகியவை ஊரைவிட்டுப் போகமாட்டா. அங்கே கூலி ஏறினால் பொருள் விலை கொஞ்சம் கூடும், லாபம் கொஞ்சம் குறையும். பருப்பு, வலை, துணி மாதிரிக் கப்பலில் போகிற பொருளுக்கு மட்டும் பயத்தில் நியாயம் உண்டு. அதற்கும் கூலியைத் தாழ்த்தி வைப்பதுதான் மருந்தா என்றால், நான் இல்லை என்பேன். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கோடு ஒன்றாக இருந்தால், நூறு கிலோமீட்டர் தள்ளிப் போவதால் கூலியில் ஒரு லாபமும் இல்லை. முதலாளி எவ்வளவு தூரம் ஓட முடியுமோ அவ்வளவு தூரத்துக்கு அந்தக் கோடு நீள வேண்டும்.

இன்னொரு வகை அவுட்சோர்சிங்கில் வேலை ஊரைவிட்டே போகாது. ஆபீஸ் அதே ஆபீஸ், துடைக்கிற தரையும் அதே தரை. சம்பளம் கொடுக்கிறவர் மட்டும் காண்டிராக்டர் ஆகிவிடுவார். நிரந்தர வேலை, பென்ஷன், லீவு எல்லாம் நடுவில் காணாமல் போகும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். காண்டிராக்டர் கூலி தராவிட்டால் வேலையைக் கொடுத்த முதன்மை முதலாளிதான் தர வேண்டும் என்று 1970ஆம் வருஷத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே சொல்லியது.

எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் அம்மாவுக்கு அண்டி ஆபீஸ் வேலை போனது, மகனுக்குத் திருவனந்தபுரத்தில் கழக்கூட்டம் டெக்னோபார்க் ஐடி வளாகத்தில் வேலை கிடைத்தது. அமெரிக்காவில் யாரோ ஒருவரிடமிருந்து வந்த வேலை அது. ஒரே கூரைக்குக் கீழே ஒருவரை அவுட்சோர்சிங் கைவிட்டது, ஒருவரைத் தூக்கிவிட்டது. ஒற்றைச் சொல்லில் இதை நல்லது, கெட்டது என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தெரியாது.

வரி யாருடையது?

எங்கள் மாவட்டத்தில் வரியைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் பழைய காலத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். திருவிதாங்கூர் மன்னராட்சியில் தாழ்த்தி வைக்கப்பட்ட சாதிகளிடம் தலைவரி வாங்கினார்கள். பனையேறுகிறவரின் ஏணிக்கும், ஏறும்போது காலில் மாட்டும் தளைநாருக்கும்கூட வரி இருந்தது. அதோடு ஊழியம் என்று கூலியே இல்லாத கட்டாய வேலை. நிலமும் அதிகாரமும் உள்ளவர்களுக்குச் சலுகை, ஒன்றும் இல்லாதவர்மேல் வரி. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் இந்த வரிகளையும் ஊழியத்தையும் எதிர்த்துப் பேசியது 1830களில். வரியும் கூலியும் வர்க்கமும் ஒரே முடிச்சு என்பதை இந்த மண் இருநூறு வருஷத்துக்கு முன்னாலேயே பட்டுத் தெரிந்துகொண்டுவிட்டது.

இன்றைக்கு வருமான வரி, ஜிஎஸ்டி என்று இரண்டு வகையைத் தெரிந்துகொண்டால் போதும். வருமான வரி நேரடி வரி. அதிகம் சம்பாதிக்கிறவரிடம் அதிக விகிதம். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில் 12 லட்சம் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு அந்த வரியே இல்லை. ஜிஎஸ்டி 2017 ஜூலை 1இல் வந்த மறைமுக வரி. சோப்பு, பேஸ்ட், செருப்பு என்று வாங்குகிற பொருளோடு சேர்ந்தே போய்விடும். ஒரு சோப்புக்கு அண்டி ஆபீஸ் அம்மாவும் ஆபீஸ் முதலாளியும் ஒரே வரிதான் கட்டுகிறார்கள். மாதம் பத்தாயிரம் வாங்குகிறவர் பத்தாயிரத்தையும் செலவு செய்துவிடுகிறார், அதில் வாங்கும் பல பொருள்கள் வரியைத் தாண்டித்தான் வீட்டுக்கு வருகின்றன. மாதம் பத்து லட்சம் வருகிறவர் பாதியைச் சேமிக்கிறார், அந்தப் பாதிமேல் ஜிஎஸ்டி கிடையாது. "நாங்கள் கட்டும் வரியில் இவர்கள் சாப்பிடுகிறார்கள்" என்று ஏழைகளைப் பார்த்துச் சொல்லும் பேச்சு எனக்குக் கோபம் வரவழைக்கும் பேச்சு. வரி கட்டாத ஏழை என்று ஒருவர் இந்த நாட்டில் இல்லை.

முதலாளி பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். பச்சை முந்திரிக்கொட்டை இறக்குமதிக்கு 2016இல் 5 சதவீதம் சுங்கவரி போட்டார்கள், 2018இல் அதை 2.5 ஆகக் குறைத்தார்கள். சின்னத் தொகையாகத் தெரியலாம். லாபம் மெலிந்த தொழிலில், கடன் வாங்கிக் கொட்டை இறக்கும் சின்ன முதலாளிக்கு அது பெரிய அடி. கொட்டையின் விலை டாலரில், அவர் கையில் இல்லை. வரி டெல்லியில், அதுவும் அவர் கையில் இல்லை. பருப்பு விலையை வெளிநாட்டுச் சந்தை சொல்கிறது. அவர் கைக்கு எட்டும் ஒரே செலவு கூலி, அதனால் அதை அழுத்துகிறார். வரியைப் பற்றிய முடிவு எங்கோ எடுக்கப்படுகிறது, அதன் வலி கிலோ கணக்கில் வந்து இறங்குகிறது.

நாடுகளும் இந்த அழுத்தத்தில் மாட்டிக்கொள்கின்றன. கம்பெனிகள் வேறு நாட்டுக்கு ஓடிவிடும் என்று பயந்து ஒவ்வொரு நாடும் நிறுவன வரியைக் குறைக்கிறது. இந்தியாவும் 2019 செப்டம்பரில் 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தது, புதிதாக உற்பத்தி தொடங்கும் கம்பெனிகளுக்கு 15. அரசாங்கத்தையே பார்த்து "கூட்டிக் கேட்டால் பூட்டிவிட்டுப் போவோம்" என்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். அதற்கு உலகம் கண்டுபிடித்த பதிலைக் கவனியுங்கள். 2021 அக்டோபரில் 136 நாடுகள் சேர்ந்து, பெரிய பன்னாட்டு நிறுவனங்களுக்குக் குறைந்தபட்ச வரி 15 சதவீதம் என்று ஒப்புக்கொண்டன. அதாவது வரிக்கு ஒரு குறைந்தபட்சக் கூலி. கோடு நீண்டால் ஓடுவதற்கு இடம் குறையும் என்ற அதே யோசனைதான். அதை நடைமுறைப்படுத்துவதில் இன்னும் இழுபறி இருக்கிறது, ஆனால் வழி அதுதான் என்று நான் நம்புகிறேன்.

வர்க்கம் என்பது

வர்க்கம் என்றால் பணக்காரன், ஏழை என்று பிரிப்பது என்றுதான் பலரும் நினைக்கிறோம். மார்க்ஸ் சொன்னது உற்பத்திக் கருவி யார் கையில் இருக்கிறது என்பதை. எனக்குப் புரிந்த வகையில் சொன்னால், வேலைக்குப் போகாமல் எத்தனை நாள் ஒருவரால் தாக்குப்பிடிக்க முடியும் என்பதுதான் அவர் வர்க்கம். இப்படிப் பார்த்தால் ஊரில் நாம் தினமும் கேட்கிற ஒரு புலம்பல் புதிதாக அர்த்தமாகும்.

"ரேஷன் அரிசியும் நூறு நாள் வேலையும் வந்து ஜனங்களைக் கெடுத்துவிட்டது, வேலைக்கு ஆளே வரமாட்டேன் என்கிறார்கள்" என்பது தோட்டம் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் சொல்வது. அவர்கள் கண்ணில் பட்டது உண்மைதான். 2011இலிருந்து தமிழ்நாட்டில் ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. 2025-26 நிதியாண்டில் நூறு நாள் வேலைக்கு இங்கே நாளுக்கு 336 ரூபாய் (எல்லைக்கு அந்தப் பக்கம் 369). 2023 செப்டம்பரிலிருந்து பல லட்சம் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் உரிமைத் தொகை. இதெல்லாம் சேர்ந்து, அடுப்பு ஒரு வாரம் காத்திருக்கும் நிலை முதன்முதலாக வந்தது. ஒரு வாரம் காத்திருக்க முடிந்தவர் குறைந்த கூலிக்கு "இல்லை" என்று சொல்கிறார். சோம்பேறித்தனம் என்று இவர்கள் சொல்வது இதைத்தான். வரிப்பணம் கூலியாக மாறும் இடமும் இதுதான். வரியிலிருந்து வருகிற அரிசி, அரிசி வாங்கப்போகாத அம்மாவின் கூலியையும் உயர்த்துகிறது.

இதை மறுத்து ஒரு வாதம் உண்டு, அதையும் கேட்க வேண்டும். கூலி குறைவாகவே இருந்து, மிச்சத்தை ரேஷனும் அரசு ஆஸ்பத்திரியும் நிரப்பினால், முதலாளி தர வேண்டியதை மக்கள் வரியாகத் தருகிறார்கள் என்றுதானே ஆகும் என்பது. நியாயமான கேள்வி. அதனால்தான் இரண்டும் சேர்ந்து வேண்டும் என்கிறேன். அரிசி மட்டும் இருந்து கூலிக் கோடு இல்லாவிட்டால் அது முதலாளிக்கு மானியம். கோடு மட்டும் இருந்து அரிசி இல்லாவிட்டால், பசிக்கிறவர் கோட்டைத் தாண்டிக் கீழே போய்க் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

படிப்பும் காத்திருக்கும் பலம்தான். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு. அண்டி ஆபீஸ் அம்மாக்களின் பெண்கள் நர்ஸ் ஆனார்கள், டீச்சர் ஆனார்கள், வளைகுடா போனார்கள். இப்போது கட்டட வேலைக்கும் ஹோட்டலுக்கும் செங்கல் சூளைக்கும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். ஊர்விட்டு வந்து, கடன் வாங்கி டிக்கெட் எடுத்தவர்களால் ஒருநாள்கூடக் காத்திருக்க முடியாது. அவர்கள் வந்து நம் கூலியைக் கெடுக்கிறார்கள் என்று நம்மில் சிலர் பேசுகிறோம். நம் பிள்ளைகள் தோகாவிலும் துபாயிலும் இதே நிலையில் நின்றவர்கள்தான். கத்தார் 2021 மார்ச்சில் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் மாதம் 1000 ரியாலுக்குக் குறையக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தபோது நாம் சந்தோஷப்பட்டோம். அசாம் பையனுக்கும் நம் பையனுக்கும் இங்கே ஒரே கூலி கிடைத்தால்தான் அவனை வைத்து நம் கூலியை இறக்க யாராலும் முடியாது.

இப்போது சட்டம் எங்கே நிற்கிறது?

1948ஆம் வருஷத்துச் சட்டம் உள்பட நான்கு சட்டங்களைச் சேர்த்து ஊதியச் சட்டத்தொகுப்பு என்று 2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 2025 நவம்பர் 21இல் அது நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. இதில் அடித்தள ஊதியம் என்று ஒன்று இருக்கிறது. ஒன்றிய அரசு அதை அறிவிக்கும், எந்த மாநிலமும் அதற்குக் கீழே கூலி நிர்ணயிக்க முடியாது. ஏற்கெனவே அதைவிடக் கூடுதலாக இருப்பதைக் குறைக்கவும் முடியாது. எல்லைக்கு இருபுறமும் கோடு வேண்டும் என்று மேலே சொன்னேனே, அதற்கு முதல் படி இது. ஆனால் எந்தத் தொகை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2017இல் தேசிய அளவில் நாளுக்கு 176 ரூபாய் என்று ஒரு தொகை சொன்னார்கள், அதைச் சட்டமாகக் கட்டாயப்படுத்தவில்லை. 2019இல் அனூப் சத்பதி தலைமையிலான நிபுணர் குழு, சாப்பாடு, துணி, வாடகை எல்லாம் கணக்கிட்டு 375 ரூபாய் வேண்டும் என்று அரசிடம் சொன்னது. மிகத் தாழ்வாகப் போட்ட கோடு ஒருவரையும் தாங்காது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கூலி அதற்கு மேலேதான் இருக்கும் என்றால், களியக்காவிளையில் ஒன்றும் மாறாது.

தனக்குக் குறைவாகத் தருகிறார்கள் என்று நினைக்கிறவர் புதிய சட்டப்படி மூன்று வருஷத்துக்குள் உரிமை கோரலாம். பழைய சட்டத்தில் ஆறு மாதம்தான் இருந்தது. தனியாகப் போக வேண்டியதில்லை, தொழிற்சங்கம் மூலமாகவும் கேட்கலாம். கூலியைச் சரியாகக் கொடுத்தேன் என்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு. கொடுக்காத தொகையோடு, அதைப்போல் பத்து மடங்கு வரை நஷ்டஈடு தர உத்தரவிட அதிகாரிக்கு இடம் உண்டு. நம் மாவட்டத்துக்கு நாகர்கோவிலில் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகம் இருக்கிறது. உங்கள் தொழிலுக்கு இன்றைய குறைந்தபட்சக் கூலி எவ்வளவு, அகவிலைப்படி எவ்வளவு என்று அங்கே கேட்டால் சொல்வார்கள். கேட்பதற்குப் பயப்பட வேண்டாம்.

அம்மா இப்போது வேலைக்குப் போவதில்லை. மயினி போகிறார். போன மாதம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்து, தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், உரித்த கிலோ, வாங்கிய தொகை என்று ஐந்து கட்டம் கோடு போட்டுக் கொடுத்தேன். பக்கத்தில் உட்காரும் இன்னும் மூன்று பேர் இப்போது அதே மாதிரி எழுதத் தொடங்கியிருக்கிறார்கள்.